பொறி வரைந்த பாடமும் பத்துக் குற்றமும்

நூலிற்கு நேரும் குற்றம் பத்தென நன்னூலார் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தார். ஏடெழுதிய புலவர்க்கு அவர் வைத்த உரைகல், இன்று பொறி எழுதும் பாடத்தாளுக்கும் பொருந்துகின்றது.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி, வினவினால் விடை தரும் கருவி. அடுத்த ஆண்டே அதனினும் ஒருபடி மேற்சென்ற தன்னியக்க முகவர்கள் தோன்றின. 'நான்காம் ஆண்டுக்கு வலிமிகும் இடங்கள், ஒரு வாரப் பாடம்' எனக் குறிக்கோளைச் சொன்னாற் போதும். செயற்கை நுண்ணறிவு முகவர் வேலையைத் தானே படிகளாகப் பிரிக்கும், தானே தேடும், நாள் பாடத்திட்டமும் பயிற்சித்தாளும் விடைக்குறிப்பும் எழுதும், தானே சரிபார்த்தும் தரும்.

இதன் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. மலேசியாவின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுட் பல, மாணவர் குறைந்த சிறு பள்ளிகள். இரண்டு ஆண்டு மாணவரை ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரே பாடத்திற்கு மூன்று தரத்தில் பயிற்சி வரைய இரவெல்லாம் விழித்திருத்தல் வேண்டும். அவருக்கு இக்கருவி உற்ற துணையே. குன்றக் கூறல் இதனிடம் அரிது. மிகைபடக் கூறலும் கூறியது கூறலுமே மிகுதி. அவற்றை ஆசிரியரின் சிவப்பு மை எளிதில் களையும்.

ஆயினும் பெருங்குற்றம் வேறொன்று. இக்கருவி பயின்ற எழுத்திற் பெரும்பகுதி இணையத்தில் உள்ளது. அங்கே 'படித்த பையன்' என்பது 'படித்தப் பையன்' எனப் பிழைபட எழுதப்படுதல் உண்டு. 'படித்த' என்னும் பெயரெச்சத்தின் பின் வலி மிகாது. அப்பிழை முதற்படியிற் புகுந்தால் பயிற்சியும் அதன்வழியே எழும். விடைக்குறிப்பும் அதையே மெய்யென்று கூறும். சரிபார்க்கும் முகவரோ, பெரும்பாலும் எழுதிய முகவர் பயின்ற தமிழையே பயின்றது. பிழை அதன் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றுமா? ஆசிரியர் கையால் வந்த தாளைப் பிள்ளையும் ஐயுறாது. அன்று கற்ற பிழை ஆயுளெல்லாம் தொடரும்.

நன்னூலார் நூலின் இயல்பு கூறியதோடு அமையவில்லை. ஆசிரியன் இயல்பும் மாணாக்கன் இயல்பும் கூறினார். கேட்போன் யாவன் என்றறியாமற் பாடஞ்சொல்லல் ஆகாது. செம்பனைக் குலையைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, ஏற்றம் இறைக்கும் உழவனைப் பொறி எடுத்துக்காட்டாக்கினால் அது பொறியின் குற்றமன்று. பிள்ளையைப் பற்றி அதற்குச் சொல்லாது விட்டவர் குற்றம்.

பழந்தமிழ் மரபில் நூல் செய்தவரே அதற்குச் சான்று கூறி அமைந்ததில்லை. அவையில் அரங்கேற்றி, பிறர் கேட்டு ஒப்பிய பின்னரே அது நூலெனப் பெயர் பெற்றது. பொறியின் பாடத்திற்கும் அவ்வரங்கேற்றம் வேண்டும். ஓராசிரியர் பெற்ற தாளை மற்றோராசிரியர் படிக்கட்டும்; விடைக்குறிப்பைப் பாராமல் வினாக்களுக்கு விடை எழுதி, பின் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேறுபாடு தோன்றுமிடத்தில் இலக்கண நூலைப் புரட்டட்டும். முகவர் மிச்சப்படுத்திய இரவில் ஒரு நாழிகையை இதற்கு ஈதல் ஆசிரியர்க்குப் பெருஞ்சுமையன்று.