புகைக்கு மேல் புகை

2006 ஓகஸ்டில் இஸ்ரேலிய விமானங்கள் தாக்கிய பெய்ரூத் புறநகரிலிருந்து எழுந்த புகை மெய்யானது. றொய்ட்டர் செய்தி நிறுவனத்துக்குப் படமெடுத்த அத்னான் ஹாஜின் படத்திலோ அது பெருகியிருந்தது. ஒரே புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்தமை கணினி ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்தது. தூசியை நீக்கவே முயன்றதாக அவர் கூறினார். றொய்ட்டர் அவருடைய 920 படங்களையும் விலக்கிக்கொண்டது.

வெளிச்சத்தைச் சீராக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் இருட்டறைக் காலத்துக் கலைதான். இல்லாததைச் சேர்ப்பது வேறு. கற்பனைப் படைப்பில் அதற்கு இடமுண்டு, செய்திப்படம் சாட்சியம். சாட்சியத்தில் கூட்டலும் குறைத்தலும் ஆகாதென்பது நமக்குப் புதிதன்று.

கூட்டிய புகையால் பாதிக்கப்பட்டோருக்கு நன்மை விளையவில்லை. மெய்யான இடிபாடுகளையும் பொய்யென்று சொல்ல மறுப்போருக்கு வாய்ப்புக் கிடைத்தது. துயரை எழுதும் நாமும் இதை மனதிற்கொள்ள வேண்டும்.