பேட்ஜ் குத்திக்கொண்ட சட்டவிரோதிகள்

'அராஜகம்' என்ற சொல்லை நாம எப்படிப் பயன்படுத்துறோம்னு கவனிச்சிருக்கீங்களா? திருக்காட்டுப்பள்ளியில் ஏதாவது ஒரு கண்டன போஸ்டரைப் பாருங்கள். அதிகாரியின் அராஜகம், போலீஸ் அராஜகம் என்று இருக்கும். வேர்ப்பொருள்படி அரசன் இல்லாத நிலைதான் அராஜகம். தமிழில் அது அரசாங்கமே செய்யும் அடாவடிக்குப் பெயராகிவிட்டது. அதனால்தான் தத்துவத்தைப் பற்றிப் பேசும்போது 'அனார்க்கிசம்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. யாரும் யார் மேலும் அதிகாரம் செய்யாத, கூடிப் பேசி ஒழுங்கு வைத்துக்கொள்கிற வாழ்க்கை சாத்தியம் என்பதுதான் அதன் வாதம்.

காமிக்ஸ் நண்பர்கள் சிலர், "அதிகாரத்தைக் கேள்வி கேக்க நமக்குக் கத்துக்கொடுத்ததே முத்துவும் லயனும்தான்" என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மூலம் 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய ஸ்டீல் க்ளா. மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன்: நம்ம மாயாவி ஆரம்பத்தில் திருடன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும் என்று தெரிந்ததும் கொள்ளையடிக்கப் போகிறான், ஊரையே மிரட்டுகிறான். பிறகு நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் உளவாளி. 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் அப்படியே. 1965-ல் அவன் அறிமுகமானபோது குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவதுதான் லட்சியம். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் கதையைக் கையில் எடுத்தபின் கொஞ்சம் கொஞ்சமாக நீதிக் காவலன் ஆகிவிட்டான். (சக்கரவர்த்தி ஆக ஆசைப்படுகிறவன் அனார்க்கிஸ்ட்டே இல்லை என்பது வேறு விஷயம்.) டெக்ஸ் வில்லரும், 1948-ல் இத்தாலியில் பிறந்தபோது, சட்டம் தேடும் ஆள். சீக்கிரமே டெக்ஸாஸ் ரேஞ்சர்.

மூணு பேரும் வெளியே நின்று தொடங்கி, உள்ளே வந்து பேட்ஜ் குத்திக்கொள்கிறார்கள். மாத இதழ் நடத்த இது வசதி. திருடனை எத்தனை மாதம் ஓடவிட முடியும்? போலீஸ்காரனுக்கு வேலை தீராது.

இதில் டெக்ஸை மட்டும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. லஞ்சம் வாங்கும் ஷெரீப், செவ்விந்தியர்களின் ரேஷனைத் திருடும் ஏஜென்ட், திமிர் பிடித்த ராணுவ அதிகாரி என்று யாரையும் விடுவதில்லை, தாடையில் ஒரு குத்து நிச்சயம். நவஜோக்களுக்கு அவர் இரவுக் கழுகு, அவர்களின் தலைவர். அந்தக் குத்தில் கிடைக்கும் திருப்தி எனக்கு இந்த வயதிலும் குறையவில்லை. ஒரு சான்றிதழுக்கு நாலு தடவை அலைந்துவிட்டு வந்த அன்று டெக்ஸ் படிப்பது தனிச் சுகம். ஆனால் அடி வாங்கிய ஷெரீப் போனதும் என்ன நடக்கிறது? அதே ஆபீஸில் நேர்மையான இன்னொரு ஷெரீப். நாற்காலி அசையவே இல்லை.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், பாஸ்வேர்டைக் கெட்டவனிடமிருந்து பிடுங்கி நல்லவனிடம் கொடுக்கிறார்கள். இவ்வளவு அதிகாரமுள்ள அட்மின் அக்கவுன்ட் எதுக்குன்னு யாரும் கேட்பதில்லை.

'இரத்தப் படலம்' இந்தக் கேள்விக்கு மிக அருகே போகிறது. ஜனாதிபதியைக் கொன்ற சதியில் இருபது பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு எண். (படிக்காதவர்கள் அடுத்த வாக்கியத்தைத் தாண்டிவிடவும்.) முதல் எண் யாரென்று தெரியவரும்போது, அவர் ஜனாதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பயங்கரமான கற்பனைதான். இருந்தும் கதை அதைச் சதியாகவே பார்க்கிறது. சதிகாரர்களை எண்ணி நீக்கிவிட்டால் மெஷின் ஒழுங்காக ஓடும் என்ற நம்பிக்கை கடைசிவரை இருக்கிறது.

நாற்காலியையே கேட்ட காமிக்ஸ் என்றால் ஆலன் மூரும் டேவிட் லாய்டும் 1982-ல் தொடங்கிய 'வீ ஃபார் வெண்டெட்டா'. வீ எல்லாவற்றையும் இடித்துவிட்டு, தான் அதிகாரத்தில் உட்காராமல் செத்துப்போகிறான். அவன் சரியா தப்பா என்ற முடிவை மூர் வாசகரிடமே விட்டுவிடுகிறார். அந்த முகமூடியை 2011-ல் ஆக்குபை போராட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டு வந்தபோது, ஒவ்வொரு அசல் முகமூடி விற்பனையிலும் டைம் வார்னருக்கு ஒரு பங்கு போனது. மூர் கதையில் எழுதாத நகைச்சுவை.

சரி, வீயை அப்படியே டெல்டாவில் கொண்டுவந்து இறக்கினால்? கல்லணைக்குக் கிழக்கே இருக்கும் எங்க பக்கத்தில், தண்ணீர் வருமுன் ஊரே கூடி வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து இருந்தது. 1902-ல் பரஸ்பர உதவி பற்றிப் புத்தகம் போட்ட க்ரோபோட்கின் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், மண்வெட்டி பிடித்தது பண்ணையாள், மிராசுதார் கரையில் நின்றார். அரசாங்கம் தூரத்தில் இருந்தது, ஆனால் அதிகாரம் வரப்பிலேயே இருந்தது. நினைத்த நேரத்தில் பண்ணையாளை வெளியேற்றுவதற்குத் தடை போட்டது 1952-ன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதாவது மேலே இருந்து வந்த அரசாங்கச் சட்டம். அதையும் சும்மா கொடுக்கவில்லை, விவசாயச் சங்கத்தின் போராட்டம் பின்னால் இருந்தது. இந்தச் சிக்கலை வீ கதை தொடவே இல்லை. அங்கே எதிரி அரசாங்கம் மட்டும்தான். டெக்ஸ் கதைகளில்தான் ஷெரீப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பண்ணை முதலாளியும் சேர்ந்தே அடி வாங்குவார். இந்த ஒரு விஷயத்தில் பழைய கௌபாய் கதை, மூரைவிட நம்ம ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பேட்ஜ் குத்திக்கொள்ளாத ஆள் நம்மிடமே ஒருத்தர் உண்டு, காமிக்ஸில் இல்லை. எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-ல் சென்னையில் பிறந்தவர். முதல் பக்கத்திலேயே அரசியல் கருத்துப்படம் போட்டு வெள்ளைக்கார அரசைக் கிண்டல் செய்த பாரதியின் 'இந்தியா' பத்திரிகை வேலைகளில் பங்கெடுத்தவர். பிறகு ஐரோப்பா. 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர், எம்.என். ராயோடு மோதி அடுத்த ஆண்டே ஓரங்கட்டப்பட்டார். பெர்லினுக்குப் போய் அனார்க்கிஸ்ட் ஆனார், கடைசிவரை அப்படியே இருந்தார். 1954-ல் பம்பாயில் வறுமையில் இறந்தார். இந்தக் கதையை யாராவது வரைந்தால் முன்பணம் கட்டி வாங்க நான் தயார். ஹார்ட் கவரெல்லாம் வேண்டாம், அந்தக்கால முத்து காமிக்ஸ் பாக்கெட் சைஸே போதும்.