மேசைமேல் ஆஷ்பர்ட்டன்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆஷ்பர்ட்டன் என்றொரு சிற்றூர். டோட்னஸிலிருந்து ஒன்பது மைலுக்குச் சற்று அதிகமாக ஓடிவந்த கிளைப் பாதை அங்கே முடிந்தது. 1872-இல் திறந்தார்கள். 1958-இல் பயணிகள் ரயில் நின்றது; 1962-இல் கூட்ஸ் வண்டியும் நின்றது. ஒற்றைப் பிளாட்பாரம், தண்டவாளத்தையும் சேர்த்து மூடிய மரக்கூரை, ஒரு சரக்குக் கொட்டகை, இன்ஜினுக்கு ஒரு சிறு கொட்டகை. ஸ்டேஷன் அவ்வளவுதான். ஆனால் ரயில் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரிட்டனின் மாடியறைகளிலும் தோட்டக் கொட்டகைகளிலும் இந்த ஸ்டேஷனைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். கிராமத்துக் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷனை மேசைமேல் கட்டும் கலைக்கு ஆஷ்பர்ட்டன் ஏறக்குறைய ஒரு மூலப்பாடம்.

இந்தப் பிடிப்புக்குக் காரணம் பாசம் மட்டுமல்ல, கணக்கும்தான். பிரிட்டனில் பரவலாகக் கையாளும் ‘ஓஓ’ அளவில் ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்கும். அப்படியும் ஒரு மைல் 21 மீட்டருக்கு நீளும். ஆஷ்பர்ட்டன் பாதை முழுவதையும் கட்ட ஏறத்தாழ 200 மீட்டர் வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது அவ்வளவு இடம்? பத்துப் பெட்டி எக்ஸ்பிரஸ் வண்டியே இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். அதற்கேற்ற பிளாட்பாரம் வேண்டுமானால் அறைச் சுவரை இடிக்க வேண்டும். பெரிய ஸ்டேஷனைக் கட்ட முனைபவர் அதைப் பாதியாக வெட்டியே தீர வேண்டும்.

கிளைப் பாதை வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு குட்டி டேங்க் இன்ஜின், ஒரே ஒரு பெட்டி. இரண்டும் சேர்ந்து 40 சென்டிமீட்டரைத் தாண்டாது. அசல் ஸ்டேஷனே சிறியது என்பதால் மாதிரியில் பொய் குறைவு. இந்தக் கலையின் முதல் பலம் இதுதான், பெரிய பலமும் இதுதான். 1950 முதல் ‘ரயில்வே மாடலர்’ இதழின் ஆசிரியராக இருந்த சிரில் ஃப்ரீஸர் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு, சிறிய இடத்துக்கான வரைபடங்களை வரைந்து தள்ளினார். உழைத்துச் சம்பாதிக்கும் எளிய மனிதரும் ஓர் அலமாரியின்மேல் முழு ஸ்டேஷனை வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது.

மீதி உலகத்தை என்ன செய்வது? அதற்குத்தான் ‘ஃபிடில் யார்டு’. ஒரு பாலத்தின் அடியிலோ மரக்கூட்டத்தின் பின்னோ நுழைந்து ரயில் மறையும். திரைக்குப் பின்னால் நான்கைந்து தண்டவாளங்கள்; அங்கேதான் டோட்னஸ், லண்டன் எல்லாம். நாடக மேடையின் பக்கத் திரைக்குள் ராஜா போனால் அரண்மனைக்குப் போய்விட்டார் என்று நாம் நம்புவதில்லையா, அதே ஏற்பாடு.

கட்டும் வேலையின் நுணுக்கத்தை அறிய ஜல்லி போடுவதைப் பார்த்தாலே போதும். மணலைவிடச் சற்றுப் பெரிய கல்துகளைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் தள்ள வேண்டும். கட்டையின்மேல் ஒரு துகள்கூட நிற்கக்கூடாது. பிறகு பனிபோல் நீர் தெளித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுக் குப்பியால் விட வேண்டும். பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்க்காவிட்டால் சொட்டு முத்தாக உருண்டு ஜல்லியைக் கலைத்துவிடும். தண்டவாளம் பிரியும் ‘பாயிண்ட்’ நகரும் இடத்தில் பசை இறங்கி உறைந்தால் பாயிண்ட் அசையாமல் போகும். ஒரு மீட்டர் தண்டவாளத்துக்கு ஒரு மாலை நேரம் முழுதும் போய்விடும். இந்தப் பொறுமைக்கு எந்த விமர்சகரும் தலைவணங்கத்தான் வேண்டும்.

குறை எங்கே? பலரும் முதலில் சுட்டுவது தண்டவாள அகலத்தை. 4 மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ‘ஓஓ’வில் இருப்பது 16.5. முன்னால் நின்று பார்த்தால் இன்ஜின் ஒடுங்கிய கால்களில் நிற்கிறது. வளைவுகளும் அப்படியே. கடையில் கிடைக்கும் 438 மில்லிமீட்டர் ஆர வளைவை அசலுக்குப் பெருக்கினால் 110 அடிதான் வரும். பெரிய இன்ஜின் எதுவும் அதில் திரும்பாது. இதைப் பொறுக்காதவர்கள் 18.2-க்கும் 18.83-க்கும் மாறி, சக்கரம் முதல் எல்லாவற்றையும் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். பாராட்ட வேண்டிய பிடிவாதம். ஆனாலும் இரண்டு மில்லிமீட்டர் குறைவுக்குக் கண் பழகிவிடும். பழகக்கூடாத குறை வேறொன்று இருக்கிறது.

அது காலம். ஆஷ்பர்ட்டன் போன்ற ஸ்டேஷனில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே நீண்ட மௌனம் இருந்தது. கண்காட்சியில் கூட்டம் காத்திருப்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வந்தாக வேண்டும். மணிக்கு 30 மைல் என்றால் இந்த அளவில் விநாடிக்கு 18 சென்டிமீட்டர். மேசைமேல் ஓடும் பல வண்டிகள் அதையும் மீறிப் பறக்கின்றன. எப்போதும் கோடைக்காலம், எப்போதும் பால் கேன்கள், எப்போதும் பாலத்தின்மேல் ஒரு பஸ்.

அந்தப் பஸ்ஸை உற்றுப் பார்க்க வேண்டும். மாதிரியில் அது அழகுக்கு நிற்கிறது. அசலில் கிளைப் பாதையின் பயணிகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனது அதுதான். சரக்கை லாரி கொண்டுபோனது. கிளைப் பாதைகளின் மரணத்துக்கு ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் 1963-இல் தந்த அறிக்கையையே எல்லாரும் குற்றம் சாட்டுகிறார்கள். 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்ன அறிக்கை அது, கோபம் நியாயம்தான். ஆனால் ஆஷ்பர்ட்டனுக்குக் கடைசிப் பயணிகள் ரயில் வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. அதே பாதையின் ஒரு பகுதி 1969-இல் பாரம்பரிய ரயில் பாதையாக உயிர்பெற்றபோது அதைத் திறந்து வைத்தவரும் பீச்சிங்தான்! பூக்கள் நிறைந்த பிளாட்பாரத்தை மட்டும் காட்டும் மாதிரியைப் பார்ப்பவருக்கு, இவ்வளவு அழகான இடத்தை ஏன் மூடினார்கள் என்பது கடைசிவரை புரியாது.

வேலையைக் காட்டாததும் இதே குறையின் இன்னொரு முகம். முனையத்துக்குள் நுழைந்த வண்டியின் இன்ஜின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே அடைபட்டு நிற்கும். கொக்கியைக் கழற்றி, சற்று முன்னால் போய், பாயிண்ட் மாறி, லூப் லைனில் பின்னோக்கி வந்து, மறுமுனையில் கோத்தால்தான் திரும்பிப் போக முடியும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மனிதர் இறங்கி நடந்திருக்கிறார். டிரைவர் பெட்டியின் மறுமுனையில் அமர்ந்தே ஓட்டும் ‘ஆட்டோகோச்’ வண்டியை மட்டும் வாங்கி முன்னும் பின்னும் விடுபவர்கள் இந்த உழைப்பு முழுவதையும் தவறவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பில் ஸ்டேஷனே கிடையாது. மூன்று கிளைத் தண்டவாளங்கள், எட்டு வேகன்கள். குலுக்கலில் விழுந்த ஐந்தை விழுந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. ஷண்டிங் தொழிலாளியின் மூளை எப்படி வேலை செய்திருக்கும் என்பதை அந்தச் சிறு பலகை காட்டிவிடுகிறது.

காலம், வேலை இரண்டையும் காட்டியவர்கள் உண்டு. பாதிரியார் பீட்டர் டென்னி 1940-களில் தொடங்கிய ‘பக்கிங்ஹாம்’ பாதை கற்பனைதான். ஆனால் அதில் ரயில்கள் கால அட்டவணைப்படி ஓடின, சிக்னல் கேபின்கள் மணியடித்துப் பேசிக்கொண்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த ராய் இங்லண்ட், மறைந்துகொண்டிருந்த கிராமத்து வீடுகளை அளந்து குறித்து, பெண்டன் அருங்காட்சியகத்துக்கு வித்திட்டார். அங்கே ரயிலைவிட வீடுகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆஷ்பர்ட்டனைக் கட்ட இன்னொருவர் பலகை அறுக்கத் தொடங்கியிருந்தால், அவர் 1958-ஐத் தேர்ந்தெடுக்கலாம்: கிட்டத்தட்டக் காலியான பெட்டி, வெளியே நிறைந்து கிளம்பும் பஸ். துணிவிருந்தால் பிந்திய ஆண்டுகளுக்கும் போகலாம். பாதையின் ஒரு பகுதியை 1971-இல் ஏ38 நெடுஞ்சாலை விழுங்கியது. ஸ்டேஷனின் மரக்கூரை நின்றது. தண்டவாளம் கிடந்த இடத்தில், அதே கூரையின் கீழ், கார்களைப் பழுதுபார்த்தார்கள்.