கடந்துபோ என்ற பலகை

வீதியோரத்து மத வாசகங்கள் வழிப்போக்கரை அழைப்பதற்கென்றே எழுதப்படுபவை. 1842இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ லெபனனில் ஷேக்கர் சமூகத்தினர் நாட்டிய மரச்சிலுவைகள் நேர்மாறாகப் பேசின. இது எனது புனித இடம், உள்ளே வராதே, ஓய்வுநாளின் அமைதியைக் குலைக்காமல் கடந்துபோ என்று ஆண்டவரே சொல்வதாக அவ்வாசகம் அமைந்திருந்தது. ஒரு சமயப் பிரதி என்ற வகையில் அதை நாம் வாசித்துப் பார்க்கவேண்டும்.

மன்செஸ்டர் தொழிலாளியான ஆன் லீ, சிறையும் அவமதிப்பும் கண்டு, 1774இல் சிலருடன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். அவர் வழிவந்தோர் பிரமச்சரியம் காத்தனர், சொத்தைப் பொதுவில் வைத்தனர், ஆடி வழிபட்டனர். அயலாருக்கு அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாயிற்று. 1837இல் தொடங்கிய தரிசனக் காலத்தில் சிறுமிகளும் ஆவிகளின் வாக்கைச் சொன்னார்கள். வெளியார் கண்ணுக்கு அதை மறைக்கவேண்டிய நிலை வந்தபோதுதான் சிலுவைகள் எழுந்தன.

எங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று மனிதராகவே அவர்கள் எழுதியிருக்கலாம். அந்த வேண்டுகோளுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். கடவுளின் வாயால் பேசியதும் பதிலுக்கு இடமில்லாமற் போனது. வேறு அதிகாரம் எதுவுமற்றவர்கள் கையிலெடுத்த அதிகாரம் அது. அந்நிய ஊரில் காட்சிப்பொருளாக நின்றறிந்த நமக்கு இது விளங்காததல்ல.

அதே 1842இல் சார்ள்ஸ் டிக்கின்ஸ் அங்கே போனார். வழிபாட்டைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. தமது அமெரிக்கப் பயண நூலில் அவர்களது நேர்மையை ஒப்புக்கொண்டவர், தொப்பியும் கடிகாரமும்கூடக் கடுகடுத்திருந்ததாக எழுதினார். பார்ப்பது தன் உரிமை என்று நினைத்தவரின் எரிச்சலாகவே அப்பக்கங்களை நாம் வாசிக்கிறோம்.

ஆனால், பலகையிலும் ஒரு பெருங்குறை உண்டு. ஷேக்கர்களுக்குப் பிள்ளைப்பேறு கிடையாது. அநாதைச் சிறுவரும் புதிதாய் நம்பிக்கை கொண்டோரும் அந்த வீதிவழியேதான் வந்துசேர வேண்டும். கேலி செய்ய வந்தவனையும் தேடி வந்தவனையும் அவ்வாசகம் பிரித்தறியவில்லை. இருவரையும் ஒரே சொல்லால் அனுப்பியது. சில ஆண்டுகளில் வழிபாட்டை மீண்டும் திறந்தார்கள். 1947இல் நியூ லெபனனின் கடைசி ஷேக்கர்களும் வெளியேறினர். 2017இல், மேய்ன் மாநிலத்தின் ஸபத்டே லேக்கில் இருவரே எஞ்சியிருந்தனர். தொழிற்சாலைகளும் நகரங்களும் இளையோரை ஈர்த்தது அழிவின் பெருங்காரணம். பழியைப் பலகையில் மட்டும் போடமுடியாது.

எனினும் மூடவேண்டிய நாளில் மூடுவதற்கும், யாருக்காக மூடினோம் என்பதை மறந்துவிடுவதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை. நமது மண்டப வாசல்களிலும் சங்கக் கூட்டங்களிலும் நாம் வெளியாருக்கென்று எழுதிவைப்பவற்றை நமது பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.