அங்காதிபாதம்: எதை மறக்கலாம்?



ஹுத்தான் மெலிந்தாங்கில் என்னிடம் தமிழ் படித்து, இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கும் மாணவி கேட்டாள்: "டீச்சர், முதல் பருவத்தில படிச்ச உடற்கூறு பாதி மறந்துபோச்சு. பரவாயில்லையா?"

பதிலுக்கு ஒரு பழைய நூலைப் பார்ப்போம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. தாய்மொழியில் படிக்க வைத்தது பெரிய காரியம். ஆனால் குறை தலைப்பிலேயே இருக்கு. 'உடற்கூறு' என்றால் நம் பிள்ளைகளுக்கு விளங்கும், 'அங்காதிபாதம்' விளங்காது. விளங்காததை மனப்பாடம்தான் செய்ய முடியும். தேர்வு முடிந்தால் போய்விடும்.

206 எலும்புகளின் பெயரும் நாக்கில் நிற்க வேண்டாம். மறந்தால் புத்தகத்தைப் புரட்டலாம். ஆனால் பிட்டத்தில் ஊசி போடும்போது மேற்புற ஓரத்தை நாடுவது ஏன்? கீழ்ப்பகுதி வழியாகக் காலுக்குப் பெரிய நரம்பு இறங்குகிறது. அதில் ஊசி பட்டால் கால் செயலிழக்கலாம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் புரட்ட முடியுமா?

ஆகவே மாணவர்களே, பெயரோடு 'எங்கே இருக்கு, எதற்கு இருக்கு' என்பதையும் சேர்த்துப் படிங்க. பெயர் மறந்தாலும் அது நிற்கும். ஆசிரியர்களே, வேற்றுமையும் புணர்ச்சியும் நாம் இப்படித்தான் கற்பிக்கிறோமா?