வாடகையைத் தொடாத சலுகைகள்

ஆவடிக்கு வடக்கே, வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறது வெள்ளானூர். வேல் டெக் கல்லூரியைச் சொன்னால் பலருக்கும் ஊர் பிடிபடும். இதுபோன்ற புறநகர் ஊராட்சிகளுக்குக் குடிவருகிறவர்களில் பலர் தொலைதூர மாவட்டங்களிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். ஏற்கெனவே சென்னையில் இருந்து, கொரட்டூரிலோ அம்பத்தூரிலோ வாடகை கட்டுப்படியாகாமல் மேற்கே நகர்ந்தவர்கள். குடும்பச் செலவைக் குறைக்க இத்தனை திட்டங்கள் வைத்திருக்கும் மாநிலத்தில் மக்கள் ஏன் இருந்த இடத்திலேயே இருக்க முடியவில்லை என்ற கேள்வியை இவர்களை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

மக்களைத் தக்கவைக்க அரசுக்கு உள்ள ஒரு வழி வரி. அமெரிக்காவில் சில மாநிலங்கள் வருமான வரி இல்லை என்பதைக் காட்டியே ஆட்களை இழுக்கின்றன. டெக்சாஸிலும் புளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது. அதற்கு ஈடாக டெக்சாஸில் உள்ளாட்சிகள் வீட்டு வரியைக் கூடுதலாக வாங்குகின்றன. நம் மாநிலங்களுக்கு அந்த வழி இல்லை. வருமான வரி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. தொழில் வரியும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. ஆகவே தமிழ்நாடு வரியைக் குறைத்து ஆட்களைத் தக்கவைப்பதைவிட, செலவைக் குறைத்துத் தக்கவைக்கும் வழியில் நடக்கிறது. எந்த அரசாணையும் இதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் பலன் அதுதான்.

அந்த வழியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசிக்கு விலை இல்லை. 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது; இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. வேலைக்குப் போகும் ஒரு தாயின் மாதக் கணக்கில் இவை அனைத்தும் சேர்ந்தால் சிறிய தொகை அல்ல. இதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள் ஒரு மாதம் அந்தக் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கில் முதல் வரியாக இருப்பது வாடகை. ஒரு குடும்பத்தை ஊரை விட்டு நகர்த்துவதும் அதுதான். அரிசி, பஸ், மின்சாரம் எல்லாவற்றிலும் கைவைத்த அரசு, வாடகையில் மட்டும் கைவைக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது அது. "வேறு உடன்பாடு" என்ற அந்த வாசல் வழியாகவே பத்து மாத அட்வான்ஸ் இன்றும் உள்ளே வருகிறது. வீடு தேடி அலைபவர் எந்த உடன்பாட்டுக்குத்தான் மாட்டேன் என்பார்?

மின்சாரத்தில் நடப்பது இன்னும் வருத்தமானது. பல வீடுகளில் வாடகைதாரருக்குத் தனி இணைப்பு கிடையாது. சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிக்கிறார். அரசு தரும் 100 யூனிட் வீட்டுக்காரரின் பில்லில் கழிகிறது. வாடகைக்கு இருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே பணம் கொடுக்கிறார். சொந்தமாக இரண்டு மூன்று இணைப்பு வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றிலும் சலுகை. யாருக்காகத் திட்டம் போடப்பட்டதோ அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகளாக இதைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது இந்தக் கொள்கையின் மிகப் பெரிய குறை.

இலவசப் பேருந்துக்கும் இன்னொரு பக்கம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண் ஒருவரால், பஸ் செலவு இல்லை என்பதாலேயே தூரத்தில் வாடகை குறைந்த வீட்டை எடுக்க முடிகிறது. அப்படியானால் இந்தத் திட்டம் மக்களை இருந்த இடத்தில் நிறுத்தவில்லை, விலகிப் போவதைத் தாங்கக்கூடியதாக ஆக்குகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. போக நேர்ந்தவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் மிச்சமான பணத்துக்கு ஈடாக அவர் கொடுப்பது நேரம். சாதாரணக் கட்டண ‘வெள்ளை போர்டு’ பஸ் அடிக்கடி வராத தடத்தில் இந்தச் சலுகை காகிதத்தில்தான் இருக்கும். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

சொந்த வீட்டுக்காரர்களின் கவலை வேறு. ஊராட்சியில் வீட்டு வரி குறைவு. மாநகராட்சியோடு இணைத்தால் வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று தமிழகம் முழுவதும் ஊராட்சி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் குறைந்த வரி வேறு, குறைந்த செலவு வேறு. குழாய் இல்லாத வீடு கேன் தண்ணீருக்கும் டேங்கர் லாரிக்கும் கொடுக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத வீடு கழிவுநீர் லாரிக்குக் கொடுக்கிறது. அரசுக்குப் போகாத அந்தப் பணமும் குடும்பத்தின் பணம்தான். ரசீதும் கிடையாது, கேள்வி கேட்கும் உரிமையும் கிடையாது.

மாநகராட்சியோடு இணைப்பதற்கு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீத உயர்வு. அம்பத்தூர் போல இணைக்கப்பட்ட பகுதிகளில் 25 சதவீதம். புதிதாக வந்தவர்களுக்குத் தனி அளவுகோல் வைக்க முடியும் என்பதை அரசே அன்று காட்டியது. அந்த அளவுகோல் வீட்டின் பரப்பையும் பகுதியையும் மட்டும் பார்த்தது. தெருவுக்குக் குழாய் வந்ததா, சாக்கடை வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளானூர் போன்ற ஊராட்சிகளை மாநகராட்சியில் சேர்க்கும் நாள் வரும்போது, தண்ணீரும் சாக்கடையும் வந்து சேரும் வரை பழைய வரியே தொடரும் என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். அதற்கும் முன்னால், காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது: வாடகைக் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு, அதில் 100 யூனிட் குடியிருப்பவருக்கே. இதற்குப் புதிய நிதி அதிகம் வேண்டாம். மின்வாரியமும் வருவாய்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். வாடகைக்கு இருப்பவர்களே, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை இன்றே சட்டத்தில் உங்களுக்கு உண்டு, தயவுசெய்து கேளுங்கள்.