எட்டு மணி நேரத் தீவு

நீங்கள் ஒரு சொகுசுக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் யார் எடுத்தது என்று கேட்கமாட்டேன். (எனக்கு நியூஜெர்சியில் இருக்கும் மகள் எடுத்தாள்.) காலை எட்டு மணிக்குக் கரீபியன் கடலில் ஆன்டிகுவா என்ற தீவில் கப்பல் நிற்கிறது. மாலை நாலரைக்குள் திரும்ப வந்து ஏறிவிடவேண்டும். நடுவில் இருக்கும் எட்டு மணி சொச்சம் உங்களுடையது.

கப்பல்காரர்களே டூர் விற்கிறார்கள். பஸ், கைடு, கடற்கரை, ஒரு கிளாஸ் ரம் பஞ்ச், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ரம் இல்லாமலே தலை சுற்றும். அந்த டூர் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய் லேட்டானால் காத்திருக்காது. சொந்தக் காசில் அடுத்த தீவுக்குப் பறந்துபோய்ப் பிடித்துக்கொள்ளவேண்டியதுதான். இந்த ஒரு பயத்திலேயே பாதி டூர் டிக்கெட்டுகள் விற்றுப்போகும் என்று நினைக்கிறேன்.

"ஏங்க, கப்பல் போயிடுச்சுன்னா?" என்றாள் மனைவி. "போகாது, வா" என்றேன். நாங்கள் தனியாகத்தான் போனோம். வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் கும்பலோடு பஸ்ஸில் போகலாமா? அதுவும் பையில் 'எ ஸ்மால் பிளேஸ்' புத்தகத்தை வைத்துக்கொண்டு?

இந்த வாரம் விஷயம் அந்தப் புத்தகம்தான். ஜமைக்கா கின்கெய்ட் எழுதி 1988-ல் வந்தது. எண்பது பக்கம் சொச்சம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெயரில்தான் ஜமைக்கா, பிறந்தது 1949-ல், ஆன்டிகுவாவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில். சொந்தப் பெயர் எலெய்ன் பாட்டர் ரிச்சர்ட்சன். பதின்வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆரம்பித்து, 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுத்தாளரானவர். அந்த 'நியூயார்க்கரே' இதைப் போட மறுத்துவிட்டது. படித்தால் ஏனென்று புரியும்.

புத்தகம் முழுக்க 'யூ'. டூரிஸ்டாக வந்திருக்கும் உங்களிடம்தான் நேரடியாகப் பேசுகிறார். விமானத்தில் வந்து இறங்குகிறீர்கள். விமான நிலையத்துக்குப் பிரதமர் வி.சி. பேர்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஏன் வைக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். வெயில் அடிப்பதில் உங்களுக்கு சந்தோஷம். வருஷம் பூரா மழைக்கு ஏங்குகிற, நல்ல தண்ணீரை ஒவ்வொரு சொட்டாகக் கணக்குப் பார்க்கிற ஊர் இது என்பது உங்கள் மண்டையில் ஏறாது. சாப்பிடும் உள்ளூர் உணவு மயாமியிலிருந்து விமானத்தில் வந்தது. ஹோட்டல் கழிவறையின் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால் கடலில் கால் வைக்கமாட்டீர்கள். இப்படிப் போகிறது முதல் பகுதி. 2019-ல் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரன் அந்தத் தண்ணீர் வரிகளை நகைச்சுவையாகப் படிக்கமுடியாது.

இதைத் தமிழில் கொண்டுவந்தால் அந்த 'யூ' என்ன ஆகும்? நீயா, நீங்களா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. கோபத்தைப் பார்த்தால் 'நீ' என்றுதான் முதலில் கை போகும். எனக்கென்னவோ 'நீங்கள்'தான் சரி என்று படுகிறது. ஹோட்டல் வரவேற்பு மேஜையிலிருந்து வரும் மரியாதை அது. தீவுக்காரர்களுக்கு நல்ல வேலைக்காரர்களாக இருக்கப் பயிற்சி கொடுக்கும் ஹோட்டல் பள்ளியைப் பற்றிக் கின்கெய்ட் எழுதுகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே கற்றுக்கொடுத்த பணிவான குரலிலேயே விருந்தாளியைத் திட்டுகிறார். 'நீ' போட்டால் வெறும் வசவாகிவிடும்.

சரி, இந்த 'நீங்கள்' யார்? அதையும் சொல்லிவிடுகிறார். வட அமெரிக்கர் அல்லது ஐரோப்பியர். சுற்றி வளைக்காமல் சொன்னால், வெள்ளைக்காரர். அப்பாடா, நான் இல்லை! எங்களையும் இங்கிலீஷ்காரன்தானே ஆண்டான்? நாங்களும் கிரிக்கெட் ஆடுகிறோம். இந்த நிம்மதியோடுதான் நான் கப்பலிலிருந்து இறங்கினேன். விமானத்தில் வருகிற வெள்ளைக்காரரைச் சுங்கத்தில் சோதிக்காமல் விடுவார்கள், ஊர் திரும்பும் ஆன்டிகுவாக்காரரின் பெட்டியைத்தான் கிளறுவார்கள் என்று எழுதியிருக்கிறார். கப்பல் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்த எங்கள் பையை யாரும் திறக்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

துறைமுகத்தை ஒட்டியே ஹெரிட்டேஜ் கீ என்ற கடைத்தெரு. வைரம், வாட்ச், எல்லாம் வரியில்லாமல். அதைத் தாண்டிவிட்டால் நிஜமான ஊர். மேட்டில் இரட்டைக் கோபுரத்தோடு செயின்ட் ஜான்ஸ் கதீட்ரல். 1843 பூகம்பத்தில் பழையது விழுந்த பிறகு கட்டியது. 1834-ல் பிரிட்டிஷ்காரர்கள் அடிமை முறையை ஒழித்தபோது மற்ற தீவுகளில் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் அதே எஜமானிடம் சில வருஷம் வேலை வாங்கினார்கள். ஆன்டிகுவாவில் அது கிடையாது, ஒரே நாளில் முழு விடுதலை. ஆனால் நிலம் எல்லாம் கரும்பு முதலாளிகளிடம். விடுதலையானவர்கள் பிழைக்க அதே தோட்டத்துக்குத்தான் திரும்பிப் போகவேண்டியிருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஆன்டிகுவா ரிக்ரியேஷன் கிரவுண்டு. நம்மவர்களுக்கு இதுதான் கோயில். 1986-ல் விவியன் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் செஞ்சுரி அடித்த இடம். லாராவின் 375-ம் (1994) 400-ம் (2004) இங்கேதான். 2002-ல் உடைந்த தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு கும்ப்ளே வந்து பந்து வீசி லாராவை அவுட்டாக்கினாரே, அதுவும் இங்கேதான். பக்கத்திலேயே சிறைச்சாலை. வேலிக்கு வெளியே நின்று கால் மணி நேரம் பார்த்தேன். மனைவி வாட்சைப் பார்த்தாள்.

கின்கெய்டின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி டூரிஸ்டைத் திட்டுவது அல்ல, நூலகம். அவர் சிறுமியாக இருந்தபோது சரணடைந்த பழைய நூலகம் 1974 பூகம்பத்தில் சேதமானது. பழுது பார்க்கவேண்டியிருக்கிறது என்று ஒரு போர்டு மாட்டினார்கள். பத்து வருஷம் கழித்தும் அந்தப் போர்டு அப்படியே. 1981-ல் சுதந்திரம் வந்து போர்டும் சுதந்திரமடைந்ததுதான் மிச்சம். நூலகம் ஒரு ஜவுளிக்கடை மாடியில், பெட்டி பெட்டியாகக் கட்டிப்போட்ட புத்தகங்களோடு. இந்தப் பக்கங்களில் கோபம் குறைந்து துக்கம் வருகிறது. அந்த நூலகம் இங்கிலாந்தின் பெருமை பேசும் புத்தகங்களால் நிறைந்தது என்பதும் அவருக்குத் தெரியும். தன்னைச் சிறுமைப்படுத்திய கட்டடத்துக்காகத்தான் அழுகிறார். அதைச் சமாதானப்படுத்தி எழுதாமல் அப்படியே விட்டுவைத்ததில்தான் அவர் பெரிய எழுத்தாளர். புது நூலகக் கட்டடம் திறந்தது 2014-ல். போர்டு மாட்டி நாற்பது வருஷம்.

குறை இல்லாமல் இல்லை. ஊழலைப் பற்றி எழுதும்போது ஊரில் பேசிக்கொள்வதை அடுக்கிக்கொண்டே போகிறார். டீக்கடை பெஞ்சில் கேட்டால் நம்பத் தோன்றும். அச்சில் பார்க்கும்போது எது கேள்வி, எது தகவல் என்று பிரிக்க முடிவதில்லை. இன்னொன்று, சொந்த ஊர்க்காரர்களைச் சின்னக் குழந்தைகள் மாதிரி நடத்துகிறார். இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து பார்க்கிறவர் அவரும். அவரும் விமானத்தில்தான் வந்து இறங்கினார். அதைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1996-ல் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில் கரீபியன் கப்பல் பயணம் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதினார். சிரித்துச் சிரித்துப் படிக்கலாம். ஆனால் அவர் பார்வை பெரும்பாலும் கப்பலுக்குள்ளேயே. கரை அங்கே மேல்தளத்திலிருந்து பார்க்கும் காட்சிதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே துறைமுகத்தை இரண்டு பக்கமிருந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது. வாலஸுக்குத் தன்னைப் பற்றி வெட்கம். கின்கெய்டுக்கு உங்களைப் பற்றி எரிச்சல். சுவாரஸ்யம் வாலஸ்தான், ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது கின்கெய்ட்.

எனக்கு எங்கே கெட்டது என்று சொல்கிறேன். இரண்டரை மணிக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். ஜம்பமாக மனைவியிடம் கணக்குச் சொன்னேன். டூர் டிக்கெட் மிச்சம். காலைச் சாப்பாடு கப்பலில், மதியச் சாப்பாடும் கப்பலில்தான், ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டதே. தீவில் செலவழித்தது மார்க்கெட்டில் வாங்கிய ஒரு அன்னாசி மட்டும். ஆன்டிகுவா பிளாக் என்ற வகை, சின்னது, தேனாக இனிக்கும். அதையும் பேரம் பேசித்தான் வாங்கினேன்.

சொல்லி முடிக்கும்போதே குரல் கம்மியது. டூர் பஸ்ஸில் போனவர்களாவது கைடுக்கு டிப்ஸ் கொடுத்திருப்பார்கள். நான் அவர்கள் தெருவில் நடந்து, கோயிலைப் பார்த்து, மைதானத்தை ரசித்து, ஒரு பழத்துக்குப் பேரம் பேசிவிட்டு, தனியாகச் சுற்றினேன் என்ற பெருமையோடு ஏறிவிட்டேன். எல்லா ஊர்க்காரனும் இன்னொரு ஊரில் டூரிஸ்டாக ஆசைப்படுகிறவன்தான், ஆனால் உலகத்தில் பெரும்பாலோருக்கு அதற்கு வசதி இல்லை என்று முதல் பகுதியின் முடிவில் கின்கெய்ட் சொல்கிறார். அங்கே தோலின் நிறம் பேச்சில் இல்லை. எனக்குத் தப்பிக்க இருந்த வழி அந்த இடத்தில் அடைபட்டுவிட்டது.

இதற்காகப் போகாமல் இருக்கவேண்டாம். போங்கள். பஸ் நிலையத்துக்கு நடந்துபோய் இங்கிலீஷ் ஹார்பர் போகும் மினி பஸ்ஸில் ஏறுங்கள். நெல்சன் 1780-களில் வேண்டாவெறுப்பாகக் கிடந்த கப்பல் பட்டறை அங்கே இருக்கிறது. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த நெல்சனைக் கின்கெய்ட் என்ன சொல்லியிருக்கிறார் என்பதைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். மதியம் அங்கேயே சாப்பிடுங்கள். பழக்காரம்மா சொன்ன விலையைக் கொடுங்கள்.

அன்று சாயங்காலம் மேல்தளத்தில் மனைவி என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பத்துப் பக்கம் படித்தாள்.

"இவங்க நம்மளையா திட்றாங்க?"

"ஆமா."

"எங்கேயும் போகாதேன்னு சொல்றாங்களா?"

"இல்லே. அப்படி எங்கேயும் சொல்லலை."

"பின்னே?"

கப்பல் ஊதியது. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.